ஆயிரம் டாலர் கருவிக்குள் என்ன இருக்கிறது? கையடக்க கேமிங் கன்சோல், முதலிலிருந்து

2025 ஜூன் 8 அன்று மைக்ரோசாஃப்டும் ஏசூஸும் சேர்ந்து இரண்டு கையடக்க கேமிங் கருவிகளை அறிவித்தன: ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை, அதற்கு அண்ணனாக எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ். (தமிழில் எழுதினால் கடலலை போலத் தெரிகிறது, ஆங்கிலத்தில் அது கூட்டாளியைக் குறிக்கும் சொல்.) சிப் எது, திரை எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, கைப்பிடி எப்படி வளைந்திருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். விலையை மட்டும் சொல்லவில்லை. அது செப்டம்பர் கடைசியில்தான் வெளிவந்தது. அதுவரை, இல்லாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு விளையாட்டுப் பிரியர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். எண்ணும் வந்தது: அமெரிக்காவில் தம்பிக்கு 599.99 டாலர், அண்ணனுக்கு 999.99 டாலர். அதன் பிறகு சண்டை இன்னும் சூடுபிடித்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவருக்கு அந்தச் சண்டையின் மொழியே புரியாது. "15 வாட்டில் எத்தனை ஃப்ரேம் வருகிறது?" என்பார் ஒருவர். "80 வாட்-மணி இருக்கிறதே, போதாதா?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் "விண்டோஸ் என்றால் எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விடுவார். அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியவைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையில் எல்லோரும் சிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாங்கி மூன்று மாதம் ஆனவர்கள் பேட்டரி, எடை, தூக்கம் இந்த மூன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தூக்கம் என்றால் கருவியின் தூக்கம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கையடக்க கேமிங் கன்சோல் என்பது திரை, விளையாட்டுப் பொத்தான்கள், கணினி, பேட்டரி நான்கும் ஒரே உடலில் அமைந்த பொருள். இன்று அதில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று நின்டெண்டோ ஸ்விட்ச் போன்றது: கருவி, அதன் இயங்குதளம், அதற்கான கடை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். அந்தக் கருவிக்கென்று செய்த விளையாட்டுகள் மட்டுமே அதில் ஓடும். மற்றொன்று, பார்ப்பதற்குக் கன்சோல் போல இருந்தாலும் உள்ளே முழுமையான பெர்சனல் கம்ப்யூட்டர். மேசைக் கணினியில் ஓடும் விளையாட்டுகளே இதிலும் ஓடும். 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக்தான் இந்த இரண்டாம் குலத்தைப் பரவலாக்கியது. அதற்கு முன்பும் சிறிய நிறுவனங்கள் இப்படிச் செய்து பார்த்ததுண்டு. ஆனால் 399 டாலரில் தொடங்கிய ஸ்டீம் டெக்கின் விலையை அவற்றால் நெருங்க முடியவில்லை. அதன் பின்னால் ஏசூஸ், லெனோவோ, எம்எஸ்ஐ எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

'பிரீமியம்' என்ற பட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாம் குலத்துக்குத்தான் ஒட்டுகிறது. ஆனால் உயர்ரகமா, எளிய ரகமா என்ற வழக்கு இந்தத் தலைமுறையில் தொடங்கியதல்ல.

1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தது. பச்சை கலந்த மங்கலான திரை, வண்ணம் கிடையாது, பின்னொளி கிடையாது. வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்தால்தான் விளையாட முடியும். அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர். அதே ஆண்டு அட்டாரி தன் லிங்க்ஸ் கருவியைக் கொண்டுவந்தது: வண்ணத் திரை, பின்னொளி, விலை இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர், அதுவும் வண்ணத்தோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேம் பாய் பரிதாபமாகத் தெரியும். ஆனால் லிங்க்ஸும் கேம் கியரும் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாயோ நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்தைத் தாண்டியும் ஓடும். கேம் பாய், அதன் வண்ணத் தம்பி கேம் பாய் கலர் இரண்டும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. மற்ற இரண்டும் அதன் அருகில்கூட வரவில்லை. கேம் பாயின் பின்னால் இருந்த பொறியாளர் குன்பேய் யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது: புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, பழகி மலிந்துபோன ஒன்றை எடுத்துப் புதிய வழியில் பயன்படுத்து. இன்றைய விவாதங்களில் பாதிக்கு அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாட் என்ற வரவு செலவு

இனி கொஞ்சம் கணக்கு. இது புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

வாட் என்பது ஒரு கருவி எந்த வேகத்தில் மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. வாட்-மணி என்பது பேட்டரியில் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பது. தொட்டியில் இருக்கும் தண்ணீரும் குழாய் திறந்திருக்கும் அளவும் போல. முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. அதன் சிப் அதிகபட்சம் 15 வாட் எடுக்கும். திரை, நினைவகம், மின்விசிறி, ஒலிபெருக்கி, வைஃபை எல்லாம் சேர்ந்து இன்னும் ஓர் ஏழு வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 22. நாற்பதை 22ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தேறவில்லை. அதே கருவியில் எளிமையான ஓர் இருபரிமாண விளையாட்டை ஓட்டினால் மொத்தச் செலவு ஆறேழு வாட்டில் நின்றுவிடும். ஆறு மணி நேரம் கிடைக்கும். "பேட்டரி 2 முதல் 8 மணி நேரம் வரை" என்று வால்வ் அறிவித்ததைச் சிலர் மழுப்பல் என்று கேலி செய்தார்கள். உண்மையில் அது நேர்மையான பதில். எந்த விளையாட்டு என்று சொல்லாமல் எத்தனை மணி நேரம் என்று சொல்லவே முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் தருகிறேன். வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் இன்றைய கன்சோல் ஒன்று கடினமான விளையாட்டில் 200 வாட் அளவுக்கு எடுக்கும். கையில் பிடிக்கும் கருவி அதில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு அதே விளையாட்டை ஓட்ட வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அப்படியானால் சிப்புக்கு 15க்குப் பதில் 30 வாட் கொடுத்தால் இரண்டு மடங்கு வேகம் வருமா? வராது. சிப்பின் வேகத்தைக் கூட்டக் கூட்ட அதற்குத் தரவேண்டிய மின்னழுத்தமும் கூடுகிறது. செலவு வேகத்தைவிடச் சீக்கிரமாக ஏறுகிறது. கடைசிச் சில ஃப்ரேம்களுக்காக எரிக்கும் வாட்தான் ஆக அதிகம். அந்த வாட் எல்லாம் கடைசியில் சூடாக மாறும். சூட்டை வெளியேற்ற விசிறி இரையும். விசிறியை அடக்க உடலைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் எடை ஏறும். ஒரு மூலையில் இழுத்தால் மறுமூலை விலகும் சிறிய போர்வை இது.

பிரீமியம் கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி இந்தப் போர்வையை நீட்டத்தான் போகிறது. இதற்கு ஏசூஸின் கருவிகளே நல்ல சான்று. 2023இல் வந்த முதல் ஆர்ஓஜி அலைக்கு 40 வாட்-மணி பேட்டரி, எடை 608 கிராம், விலை 699 டாலர். ஓராண்டு கழித்து வந்த அலை எக்ஸில் சிப் அதேதான். பேட்டரி மட்டும் சரியாக இரண்டு மடங்கு, 80 வாட்-மணி. நினைவகம் 16இலிருந்து 24 ஜிகாபைட் ஆனது. எடை 678 கிராம், விலை 799 டாலர். அறிவிப்பு வந்தபோது "சிப்பை மாற்றாமல் புதுக் கருவியா?" என்று முணுமுணுத்தவர்கள் பலர். கையில் வாங்கியவர்களுக்கோ அந்த எழுபது கிராம்தான் கருவியைச் சார்ஜர் கம்பியிலிருந்து விடுவித்தது. நினைவகம் கூடியதும் வெறும் அலங்காரமல்ல. இந்தக் கருவிகளில் கணக்குப் போடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 16 ஜிகாபைட் என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் 16.

பேட்டரியை விருப்பம்போலப் பெரிதாக்கவும் வழியில்லை. விமானத்தில் முன் அனுமதி கேட்காமல் கொண்டுசெல்லக்கூடிய பேட்டரியின் பொதுவான வரம்பு 100 வாட்-மணி. கூடவே எடுத்துச் செல்வதற்காகவே செய்த பொருளை விமானத்தில் ஏற்ற முடியாமல் செய்ய எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது.

புள்ளிகளும் ஃப்ரேம்களும்

திரையைப் பற்றிய சண்டைக்குச் சாதாரணப் பெருக்கல் போதும். ஸ்டீம் டெக் திரை 1280க்கு 800 புள்ளிகள். மொத்தம் சுமார் 10 லட்சம். ஆர்ஓஜி அலை 1920க்கு 1080. சுமார் 20 லட்சம். லெனோவோவின் முதல் லீஜன் கோ 2560க்கு 1600. சுமார் 41 லட்சம், அதாவது ஸ்டீம் டெக்கைப் போல் சரியாக நான்கு மடங்கு. விளம்பரத்தில் நான்கு மடங்கு கூர்மை என்று இது அழகாகத் தெரியும். சிப்புக்கோ ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான்கு மடங்கு புள்ளிகளை நிரப்பும் வேலை. ஆகவே நடைமுறையில் பலரும் குறைந்த புள்ளிகளில் வரையச் சொல்லி, பிறகு மென்பொருளைக் கொண்டு பெரிதாக்கிக்கொள்கிறார்கள். எட்டு அங்குலத் திரையில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டும்.

ஃப்ரேம் என்பது ஒரு நிலைப்படம். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடி திரையில் நிற்கும். 30 என்றால் 33.3 மில்லிநொடி. 60ஐ எட்ட முடியாத விளையாட்டை 30இல் நிறுத்தினால் கண்ணுக்குக் கொஞ்சம் திக்கித் திணறும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு வருகிறது. முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உள்ள எண் எது? 45 என்றுதான் வாய் சொல்லும். நேரத்தை வைத்துப் பாருங்கள்: 16.7க்கும் 33.3க்கும் நடு 25 மில்லிநொடி. அது நொடிக்கு 40 ஃப்ரேம். முப்பதிலிருந்து வெறும் பத்து ஃப்ரேம் கூட்டினாலே 60 தரும் வழுவழுப்பில் பாதித் தூரம் வந்துவிடுகிறோம், அதற்கு ஆகும் மின்சாரமோ குறைவு. ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் திரையையும் விளையாட்டையும் 40இல் கட்டிவைப்பது இதனால்தான். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையிலும் 40 மீதியில்லாமல் வகுபடும். 'மாறும் புதுப்பிப்பு வீதம்' உள்ள திரையாக இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்; ஃப்ரேம் வரும்வரை திரை காத்திருந்து புதுப்பிக்கும். புதுக் கருவி ஒன்றின் பட்டியலில் புள்ளி எண்ணிக்கையைவிட இந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஓலெட் திரையா, எல்சிடி திரையா என்பது தனிச் சண்டை. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடிக்கு ஒளி பின்னால் உள்ள விளக்கிலிருந்து வரும். 2021இல் ஸ்விட்சின் ஓலெட் வடிவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, 2025 ஜூன் 5 அன்று 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2 எல்சிடிக்குத் திரும்பியது பின்னோக்கிய நடையாகப்பட்டது. அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆனாலும் முதல் நான்கு நாட்களில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது.

தூங்க வைத்தால் தூங்குமா?

ஒரு நண்பரிடம் கையடக்கக் கருவி ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். ரயிலில் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, மேல் விளிம்பில் இருந்த பொத்தானை அழுத்தினேன், திரை அணைந்தது, பைக்குள் வைத்துவிட்டேன். சிறிது நேரத்தில் மடியில் இருந்த பை இளஞ்சூடாக இருப்பது தெரிந்தது. உள்ளே கையை விட்டால் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரைதான் தூங்கியிருந்தது, கருவி தூங்கவில்லை. வெளியே எடுத்தபோது பேட்டரி 9 சதவீதம். வாங்கிய பொருளாக இருந்திருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கையடக்கக் கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேசைக் கணினியில் விளையாட உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் உட்காருவோம். கையடக்கத்தில் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தால் எடுப்போம், கூப்பிட்டால் வைப்போம். பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்தில் உறைய வேண்டும், மறுபடி அழுத்தினால் அதே இடத்தில் விழிக்க வேண்டும். ஸ்விட்ச் இதை முதல் நாளிலிருந்தே செய்கிறது. ஸ்டீம் டெக்கில் இருக்கும் ஸ்டீம் ஓஎஸ் லினக்ஸ் அடிப்படையிலானது. தொடக்கத்திலிருந்தே கன்சோல் போல நடந்துகொள்ளும்படி செய்தது. விண்டோஸ் பிறந்தது விசைப்பலகைக்கும் மவுஸுக்கும். கட்டைவிரலால் ஒரு சிறிய சதுரத்தைத் தொட்டு மூட முயன்று மூன்று முறை தவறவிட்டவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். எக்ஸ்பாக்ஸ் அலையில் மைக்ரோசாஃப்ட் செய்த முக்கியமான வேலை இதுதான்: கருவியை இயக்கியதும் வழக்கமான விண்டோஸ் மேசைத்திரை வராமல், முழுத்திரையில் கன்சோல் முகப்பு ஒன்று வருகிறது. பின்னணியில் தேவையில்லாதவை ஏற்றப்படாததால் 2 ஜிகாபைட் வரை நினைவகம் மிச்சமாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

பிறகு ஏன் எல்லோரும் ஸ்டீம் ஓஎஸ்ஸுக்கே போகவில்லை? விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட புரோட்டான் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு இருக்கிறது. வியக்கத்தக்க அளவில் வேலை செய்கிறது. ஒரே கருவியின் இரண்டு வடிவங்களாக லெனோவோவின் லீஜன் கோ எஸ் வந்தபோது, விண்டோஸைவிட ஸ்டீம் ஓஎஸ்ஸில் பல விளையாட்டுகள் வேகமாக ஓடியதை விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள். ஆனால் இணையத்தில் பலரோடு மோதும் விளையாட்டுகளில், ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருள் சில, இயங்குதளத்தின் அடிவயிற்றுக்குள் இறங்கி உட்காரும். அவை லினக்ஸை ஏற்பதில்லை. ஃபோர்ட்நைட் இதற்குப் பிரபலமான உதாரணம். உங்கள் நண்பர்கள் கூட்டம் அங்கேதான் இருக்கிறது என்றால் வேறு எந்த வாதமும் எடுபடாது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் ஒன்றும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் அலை என்று பெயர் இருப்பதால் பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகள் எல்லாம் அதில் நேரடியாக ஓடும் என்று நினைத்தவர்கள் பலர். ஓடாது. அது விண்டோஸ் கணினி. கணினி வடிவம் உள்ள விளையாட்டுகளே அதில் ஓடும்; மற்றவற்றை இணையம் வழியாகவோ வீட்டுக் கன்சோலிலிருந்தோ படமாக அனுப்பிப் பார்த்து விளையாடலாம். பெயர் வைத்தவர்கள் இதை முதல் நாளே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இந்த விலை?

ஸ்டீம் டெக் 399 டாலரில் தொடங்கியிருக்க, வேறொன்று ஆயிரத்தைத் தொடுவது ஏன்? சிப்பும் பேட்டரியும் ஒரு பகுதிக் காரணம். பெரிய காரணம், அதன்பின் விற்கும் விளையாட்டுகளில் யாருக்குப் பங்கு என்பது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்துவதே வால்வ். அங்கே விற்கும் விளையாட்டுகளில் வழக்கமான பங்கு 30 சதவீதம். கருவியில் லாபம் குறைந்தாலும் அடுத்த ஐந்தாண்டு விற்பனையில் அது திரும்பி வரும். நின்டெண்டோவுக்கும் அப்படியே. கருவியை மட்டும் செய்யும் ஏசூஸுக்கோ எம்எஸ்ஐக்கோ அந்த வருமானம் இல்லை. கருவி விற்ற அன்றே லாபத்தைப் பார்த்தாக வேண்டும். எனவே இரண்டையும் பக்கத்தில் வைத்து விலையை மட்டும் ஒப்பிடுவது சரியான தராசு ஆகாது. ஆனால் வாங்குபவருக்கு இந்த நியாயம் எதற்கு? சோனியின் வீட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 புரோ அமெரிக்காவில் 749.99 டாலருக்குக் கிடைத்த நேரத்தில் அதைவிட 250 டாலர் கூடுதலாக ஒரு கையடக்கத்தைக் கேட்டால், "எதற்கு?" என்று அவர் கேட்கத்தான் செய்வார்.

விலையில் பெரிய நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. 2011இல் நின்டெண்டோ 3டிஎஸ் 249.99 டாலருக்கு வந்து, அரையாண்டு முடிவதற்குள் 169.99க்கு இறங்கியது. அதே ஆண்டு ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் வீட்டா அருமையான ஓலெட் திரையோடு இருந்தது. ஆனால் அதற்கென்றே தனி மெமரி கார்டு. அதன் விலை கண்ணைக் கட்டியது. யானையை வாங்கியவர்கள் அங்குசத்தின் விலையைக் கேட்டுத் திகைத்தார்கள்.

வதந்திகளைப் பற்றி இரண்டு வார்த்தை. வைஃபை, புளூடூத் உள்ள எந்தக் கருவியும் விற்பனைக்கு முன் வானொலி அலைச் சோதனைக்குப் போக வேண்டும். அந்த ஆவணங்கள் வழியாகப் படங்கள் கசிவதுண்டு. அப்படி வருபவற்றை ஓரளவு நம்பலாம். சிப்பின் வேகம் என்று கசியும் ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம்; எத்தனை வாட்டில் எடுத்தது என்று சொல்லாத வேக அளவு பாதி வாக்கியம்தான்.

பொத்தான்களில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: கட்டைவிரலால் சாய்த்துப் பாத்திரத்தை நகர்த்தும் ஸ்டிக் எந்த வகை? வழக்கமான ஸ்டிக்குக்குள் உலோகத் துண்டு ஒன்று மின்தடைப் பட்டையில் உரசிக்கொண்டே இருக்கும். தேய்ந்தால், நீங்கள் தொடாமலே விளையாட்டின் கதாபாத்திரம் தானாக நடக்கத் தொடங்கும். ஹால் விளைவு ஸ்டிக் காந்தத்தை வைத்து அளப்பதால் உரசல் இல்லை. ஆயிரம் டாலர் கேட்கும் கருவியில் இது இல்லையென்றால் நான் முகம் சுளிப்பேன்.

எடைக்கு மட்டும் விமர்சனம் படிக்கத் தேவையில்லை. எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் 715 கிராம். முதல் லீஜன் கோ 854 கிராம். ஒரு லிட்டர் பாட்டிலில் 700 மில்லி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். நான்காவது நிமிடத்தில் முழங்கைகள் விலாவில் வந்து ஊன்றிக்கொண்டன. ஒன்பதாவது நிமிடத்தில் பாட்டில் மார்பின் மேல் படுத்திருந்தது.